மதுரையைவிடப் பக்கம், யாழ்ப்பாணம்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து நேர்கோடு போட்டு அளந்தால் மதுரை விமான நிலையம் சுமார் 417 கிலோமீட்டர். கோவை 405. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 355 கிலோமீட்டர்தான். வானத்தில் போகிறவருக்கு மதுரையைவிடவும் கோவையைவிடவும் யாழ்ப்பாணம் பக்கம். யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு அளந்தால் வியப்பு இன்னும் கூடும். அங்கிருந்து திருச்சி ஏறக்குறைய 185 கிலோமீட்டர். கொழும்புக்குப் போக இறங்க வேண்டிய கட்டுநாயக்க விமான நிலையமோ 290 கிலோமீட்டர்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் கையில் இருந்தால் ஒரு பள்ளி மாணவி போட்டுவிடக்கூடிய கணக்கு இது. ஆனாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மனத்தில் யாழ்ப்பாணம் ராமேஸ்வரத்துக்கும் அப்பால், எங்கோ தொலைவில்தான் இருக்கிறது. ஓர் ஊரின் தூரத்தை நாம் கிலோமீட்டரில் நினைவு வைப்பதில்லை. "ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை இறங்கிவிடலாம்" என்று பொழுதில்தான் நினைவு வைக்கிறோம். அந்தப் பொழுதுக் கணக்கில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே நடந்திருப்பது சாதாரணக் கதை அல்ல. கடந்த முக்கால் நூற்றாண்டில் இதே 355 கிலோமீட்டர் இரண்டு மணி நேரமாக இருந்திருக்கிறது, இரண்டு நாளாக இருந்திருக்கிறது, பல மாதங்களாக இருந்திருக்கிறது. போகவே முடியாத தூரமாகவும் இருந்திருக்கிறது.

80 டிகிரிக் கோடு

இரண்டு ஊர்களும் கிழக்குத் தீர்க்கரேகை 80 டிகிரியை ஒட்டி அமைந்தவை. மீனம்பாக்கம் 80.18, பலாலி 80.07. ஆகவே இது ஏறத்தாழ நேர் தெற்குப் பயணம். உருண்டையான பூமியில் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி, வரைபடத்தில் பெரும்பாலும் வில்லாக வளைந்து தெரியும். சென்னையிலிருந்து நியூயார்க் போகும் விமானம் வடதுருவத்தை நோக்கி ஏறிப் போவது போலத் தோன்றுவது அதனால்தான். தெற்கு வடக்காகப் போகும் வழிக்கு அந்தச் சிக்கல் இல்லை. தீர்க்கரேகையே குறுக்குவழி. வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு கிழித்தால் போதும்.

அந்தக் கோடு மீனம்பாக்கத்தில் கிளம்பி, கிழக்குக் கடற்கரையை ஒட்டியே தெற்கே இறங்கி, கல்பாக்கம் பக்கத்தில் கடலுக்குள் போகும். புதுச்சேரிக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளிப் போகும். கோடியக்கரைக்கு நேராக வரும்போது அந்த நிலமுனை இருபது கிலோமீட்டரை ஒட்டிய தொலைவில் இருக்கும். அதற்குப் பிறகு பாக்கு நீரிணையின் வாய். அடுத்து வருவது காங்கேசன்துறைக் கடற்கரை, பலாலி. விமானங்கள் தங்களுக்கென்று வகுத்த வான்வழியில்தான் போகும் என்பதால் இந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகலாம். ஆனாலும் தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள் என்பேன். வானம் தெளிந்திருந்தால் தமிழ்நாட்டுக் கரை அந்தப் பக்கம்தான். கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே கடல் அறுபது கிலோமீட்டர்கூட இல்லை என்பது அந்த ஜன்னலில் பார்த்தால்தான் உறைக்கும்.

இனி நேரம். தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏற இறங்க அரைமணி கூட்டிக்கொள்வது பொதுவாகப் போடும் கணக்கு. அதன்படி இந்தப் பயணம் 57 நிமிடம். நடப்பது அப்படி இல்லை. கால அட்டவணையில் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போட்டிருப்பார்கள். காரணம், இந்தத் தடத்தில் பறப்பது ஜெட் அல்ல, ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம். எழுபதிலிருந்து எண்பது பேர் வரை ஏறலாம். அதன் உச்ச வேகமே மணிக்கு 500 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

500 கிலோமீட்டர் வேகம் என்றாலும் 43 நிமிடத்தில் முடிய வேண்டுமே, மிச்சம் எங்கே போகிறது? விமான நிறுவனங்கள் சொல்லும் பயண நேரம், நிறுத்தி வைத்த விமானத்தின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுக்கும் நொடியில் தொடங்கி, மறுமுனையில் கட்டையைத் திரும்ப வைக்கும் நொடியில் முடிகிறது. மீனம்பாக்கம் போன்ற நெரிசலான நிலையத்தில், நின்ற இடத்திலிருந்து ஓடுபாதை முனைக்கு உருண்டு போய் வரிசையில் காத்திருப்பதற்கே கால்மணி போய்விடும். ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது, போக வேண்டியதோ தெற்கே. எழும்பிய பிறகு திரும்ப வேண்டும். ஏறும்போது விமானம் முழு வேகத்தில் போகாது. இறங்கும்போதும் அப்படியே, படிப்படியாக வேகத்தைக் குறைத்தாக வேண்டும். இத்தனை குறுகிய தடத்தில் முழு வேகத்தில் பறக்கும் நேரம் மொத்தத்தில் பாதிகூடத் தேறாது. அதற்குள் சென்னைக் கட்டுப்பாட்டு அறையிடம் விடைபெற்றுக் கொழும்புக் கட்டுப்பாட்டு அறையிடம் பேச்சைத் தொடங்க வேண்டும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், போக ஒரு நேரம், வர ஒரு நேரம். மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் உயரக் காற்று ஒரு திசையில் தள்ளிவிடும், மறு திசையில் இழுத்துப் பிடிக்கும். சென்னை யாழ்ப்பாணத் தடத்தில் அந்த வேறுபாடு பெரிதாக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் இங்கே காற்று மேற்கிலிருந்து வரும், வடகிழக்குப் பருவத்தில் கிழக்கிலிருந்து வரும். இரண்டுமே தெற்கு வடக்காகப் போகும் விமானத்துக்குப் பெரும்பாலும் பக்கக் காற்று. விமானி மூக்கைக் கொஞ்சம் காற்றின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓட்டுவார், அவ்வளவுதான். இந்தத் தடத்தில் நேரத்தைக் கூட்டியதும் குறைத்ததும் காற்று அல்ல.

டகோட்டா பறந்த வழி

பலாலியில் முதலில் ஓடுபாதை போட்டவர்கள் பிரிட்டிஷ் விமானப்படையினர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். போர் முடிந்ததும் அது பொதுமக்களுக்கு வந்தது. ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணிகள் சேவையை 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கியது. விமானம் டிசி-3 டகோட்டா. தடம்: கொழும்பை ஒட்டிய ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து சென்னை. இலங்கையின் தேசிய விமான நிறுவனம் பிறந்த அன்றே யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்குப் போயிருக்கிறது. இலங்கை சுதந்திரம் பெற அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

டகோட்டா மணிக்கு 270 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும். பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேமுக்கால் மணி ஆகியிருக்கும் என்பது நான் போட்ட கணக்கு. இன்றைய ஏடிஆர் அதைவிடப் பதினைந்திலிருந்து முப்பது நிமிடம் முந்துகிறது. எழுபத்தைந்து ஆண்டு விமானத் தொழில்நுட்பம் இந்தத் தடத்துக்குக் கொடுத்த லாபம் அவ்வளவுதான்.

விமானக் கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்குப் போட் மெயில் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில். யாழ்ப்பாணத்துக்குப் போகிறவர் தலைமன்னாரிலிருந்து தென்கிழக்கே மதவாச்சி சந்திப்பு வரை இறங்கி, அங்கே வண்டி மாறி, வடக்கே ஏற வேண்டும். சுற்றுவழிதான். என்றாலும் ரயில், கப்பல், ரயில் என்று ஒழுங்காக நடந்த பயணம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. எண்பதுகளில் அதுவும் நின்றது.

இதற்கெல்லாம் முன்னால் பாய்மரம். ஆறுமுக நாவலர் அச்சுயந்திரம் வாங்குவதற்காக 1849இல் சென்னைக்கு வந்தார். வந்த வழியில்தான் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருக்கு நாவலர் பட்டம் கிடைத்தது. 1864இல் சிதம்பரத்தில் அவர் பள்ளிக்கூடம் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர். பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த வரலாற்றில் பாதி, இந்தக் கடலை அவர்கள் குறுக்கே கடந்த வரலாறு. சென்னையின் பதிப்புலகத்துக்கு யாழ்ப்பாணம் அயலூராகவே இருந்தது.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பலாலியிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் விமானம் ஓடியது. படம் பார்க்கவும் பட்டுச்சேலை எடுக்கவும் போய் வந்ததைப் பற்றி யாழ்ப்பாணத்து மூத்தவர்கள் இன்றைக்கும் சொல்வதுண்டு. அதைக் கேட்கும் இளையவர்களுக்கு அது புராணம் போல இருக்கும். ஏர் சிலோன் எழுபதுகளின் இறுதியில் மூடப்பட்டது. 1978 செப்டம்பர் 7 அன்று ரத்மலானையில் நின்ற அதன் ஆவ்ரோ விமானம் ஒன்று குண்டு வெடித்து அழிந்தது. 1983 ஜூலையில் நடந்த தமிழர் எதிர்ப்புக் கலவரத்தோடு எல்லாம் மாறியது.

நேரம் நீண்ட ஆண்டுகள்

போர் தொடங்கியபின் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் என்ற கேள்வியே பொருள் இழந்தது. படகில் தப்பி வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ வந்து சேர்ந்து மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டார்கள். கடலில் சில மணி நேரம், முகாமில் முப்பது நாற்பது ஆண்டு. வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் முகாமிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளின் பயணம் இன்னும் முடியவில்லை.

யாழ்ப்பாணத்திலேயே இருந்தவர்களுக்கு முதலில் கொழும்பை எட்டுவதே பெரும்பாடு. 1990இல் வடக்கு ரயில் நின்றது. ஆனையிறவுப் பாதை அடைபட்டது. மக்கள் இரவில் கிளாலிக் கடனீரேரியை வள்ளங்களில் கடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே கடந்த அந்த நீரில் உயிர்விட்டவர்கள் பலர். அக்கரையில் வன்னி, அதன் பின் வவுனியா, ஒவ்வோர் எல்லையிலும் பாஸ், சோதனை, காத்திருப்பு. 1996இல் குடாநாடு இராணுவத்தின் கைக்கு வந்தபின்னும் தரைவழி திறக்கவில்லை. திருகோணமலைக்குக் கப்பல், அல்லது பலாலியிலிருந்து ரத்மலானைக்கு விமானம். விமானத்தில் இடம் கிடைக்கப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகப் பறப்பதற்கு வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அப்படிக் காத்திருந்து ஏறியவர்களின் விமானங்களில் ஒன்று லயன் ஏர் 602. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய அந்த அன்டோனோவ் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 55 பேரும் இறந்தார்கள். சிதைவுகள் கடலடியில் கண்டெடுக்கப்பட்டபோது ஆண்டு 2012.

கொழும்பு போய்ச் சேர்ந்தவருக்கும் பயணம் முடிந்ததில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறை எடுத்து, பொலிஸில் பதிந்து, விசாவுக்காக மாதக்கணக்கில் தங்கியவர்கள் ஆயிரமாயிரம். 2007 ஜூன் மாதம் அந்த லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர்களை ஒரே நாளில் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தடுத்த பிறகே அது நின்றது.

கடிகாரமும் சும்மா இருக்கவில்லை. இன்று சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரே நேரம். 1996 மே மாதம், மின்வெட்டைச் சமாளிக்க இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அரைமணியைத் திருப்பி எடுத்தது. மிச்ச அரைமணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. ஆகவே ஏறத்தாழ பத்து ஆண்டு, சென்னையில் காலை பத்து மணி என்றால் யாழ்ப்பாணத்தில் பத்தரை. நடுவே வன்னியில், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில், பழைய நேரமே தொடர்ந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போனவர் ஓமந்தையைத் தாண்டியதும் கடிகாரத்தில் அரைமணி பின்னால் போய், முகமாலையைத் தாண்டியதும் அரைமணி முன்னால் வந்தார். ஒரே தீவு, ஒரே சாலை, ஒரே நாள். 2006 ஆகஸ்டில் அந்தச் சாலையும் மறுபடி மூடியது.

தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியாத பிள்ளைகள், பிள்ளையின் கலியாணத்தைப் படத்தில் பார்த்த பெற்றோர் என்று இந்த ஆண்டுகளில் இழந்தது இன்னதென்று எந்த அட்டவணையிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் திருச்சி வானொலி தெளிவாகக் கேட்டது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தது. குரல் போய் வந்த வழியில் மனிதர் போய் வர முடியவில்லை.

355க்காக ஆயிரம்

2009இல் போர் முடிந்தது. ஏ9 திறந்தது. 2014 அக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. ஆனால் சென்னைக்குப் போகும் வழி, போர் முடிந்து பத்து ஆண்டு வரை கொழும்பு வழியாகவே இருந்தது. தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் சாலையிலோ ரயிலிலோ இறங்கி, கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, 640 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே பறக்க வேண்டும். வடக்கே 355 கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்குப் போக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். அதில் முதல் 400 கிலோமீட்டரும் எதிர்த்திசையில். மாலையில் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் மறுநாள் பகலில்தான் சென்னை. சிகிச்சைக்குப் போகும் முதியவர்கள் அந்த இரவு முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்து போனார்கள். சென்னைக்குப் போகும் விமானம் கட்டுநாயக்கவிலிருந்து எழும்பி, அவர்கள் முந்தைய மாலை புறப்பட்ட குடாநாடு இருக்கும் திசையிலேயே பறக்கும்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. பெயர்ப் பலகையில் தமிழ் முதலில் இருந்ததே அப்போது தெற்கில் சர்ச்சையானது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. சுமார் நான்கு மாதம்தான் ஓடியது, கொரோனா வந்து 2020 மார்ச்சில் நிறுத்தியது. மறுபடி தொடங்க 2022 டிசம்பர் 12 வரை ஆனது. அப்போது வாரத்தில் நான்கு நாள். 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து தினமும் பறக்க வந்தது. 2025 மார்ச் 30 அன்று திருச்சி யாழ்ப்பாணச் சேவை தொடங்கியது.

இவற்றில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது தினசரிச் சேவை. விமானம் எத்தனை நிமிடத்தில் பறக்கிறது என்பதையே எல்லோரும் கேட்கிறோம். எத்தனை நாளுக்கு ஒரு முறை பறக்கிறது என்பதுதான் பயண நேரத்தை உண்மையில் தீர்மானிக்கிறது. வாரத்தில் நான்கு நாள் ஓடும் விமானம், ஓடாத மூன்று நாளில் தேவை வந்தவருக்கு இல்லாத விமானம். ஒரு நாள் காத்திருக்க வேண்டி வந்தால் அவருடைய ஒன்றேகால் மணிப் பயணம் இருபத்தைந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. திடீரென்று வரும் மரணச் செய்தியும் மருத்துவமனை அழைப்பும் கால அட்டவணையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வேகமான விமானத்தைவிட அடிக்கடி வரும் விமானம் ஊர்களை நெருக்கமாக்கும்.

அடுத்தது தரையில் போகும் நேரம். சென்னையில் இருப்பவர் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போக ஒரு மணி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி முன்னதாக வரச் சொல்வார்கள். பறப்பது ஒன்றேகால் மணி. பலாலியில் குடிவரவுச் சோதனையும் சாமான் சோதனையும் முடித்து வெளியே வர ஒரு மணி. யாழ்ப்பாண நகரத்துக்கு 16 கிலோமீட்டர், அரைமணி. கூட்டினால் ஆறேமுக்கால் மணி. இதில் வானத்தில் முழு வேகத்தில் போனது அரைமணிதான். சென்னையிலிருந்து மதுரைக்கு வந்தே பாரத் ரயில் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் ஊர் மறுபடி தள்ளிப் போவது இங்கேதான். எழுபது எண்பது பேர் வரும் சிறு விமானத்துக்கு மூன்று மணி நேர முன்வரவு எதற்கு? திருச்சியைப் போன்ற சிறிய நிலையத்தில் ஒன்றரை மணி போதும் என்று வைத்தால்கூட ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் மிஞ்சும். புதிதாக எதையும் கட்டாமல், இரண்டு அரசுகளும் மனம் வைத்தால் குறைக்கக்கூடிய நேரம் இது.

ஓடுபாதையும் காணியும்

பலாலிக்குப் பெரிய ஜெட் வர வேண்டும் என்ற கோரிக்கை உண்டு. டொரன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கு அது நியாயமான ஆசை. 2019இல் பயன்பாட்டுக்கு வந்தது 1,400 மீட்டர் ஓடுபாதை. ஏடிஆர் ரகத்துக்கு அது போதும். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் நிறைபாரத்தோடு எழும்ப இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வேண்டும். ஓடுபாதை குட்டையாக இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும், எடை என்றால் எரிபொருளும் ஆட்களும் பயணிகளின் பெட்டிகளும்தான். ஆகவே ஓடுபாதையின் நீளம் விமானத்தின் அளவையும் வேகத்தையும் தீர்மானிக்கிறது.

சென்னைத் தடத்தில் ஜெட் வந்தால் எவ்வளவு மிச்சமாகும்? சென்னை மதுரை ஜெட்டுகளின் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்காக ஓடுபாதையை நீட்ட நிலம் வேண்டும். பலாலியைச் சுற்றியிருப்பது வெறும் நிலம் அல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் உடுத்த துணியோடு வெளியேறினார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் உயர் பாதுகாப்பு வலயமானது. மயிலிட்டி மீனவர்களும் பலாலி, வசாவிளான் விவசாயிகளும் சுன்னாகம், மல்லாகம் பக்கத்து நலன்புரி நிலையங்களில் தலைமுறைக் கணக்கில் இருந்தார்கள். போர் முடிந்தபின் காணி துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது, இன்னும் விடுவிக்கப்படாததும் உண்டு. செம்மண் காணி, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்த காணி. திரும்பிப் போய்க் கிணற்றைத் தூர்வாரியவர்களிடம், பதினைந்து நிமிடத்துக்காக மறுபடி எழுந்து போ என்று கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ நேரடி விமானம் வேண்டும் என்றால் அது வேறு விவாதம். அதில் முதலில் பேச வேண்டியவர்கள் உறுதிப்பத்திரம் கையில் வைத்திருக்கும் காணிக்காரர்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் இப்போதிருக்கும் ஓடுபாதையே போதும்.

கடல்வழியையும் விட்டுவிடக் கூடாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சுமார் 110 கிலோமீட்டர். பயணிகள் கப்பலுக்கு நான்கு மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, ஒரு வாரத்துக்குள் பருவமழைக்காக நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று வேறு கப்பலோடு மறுபடி தொடங்கியது. வடகிழக்குப் பருவத்தில் இந்தக் கடல் கொந்தளிக்கும். பாய்மரக்காரர்களும் அந்த மாதங்களை ஒதுக்கித்தான் ஓட்டினார்கள். ஆனால் மற்ற மாதங்களில், பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோகும் சிறு வியாபாரிக்கும், சிதம்பரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வரும் குடும்பத்துக்கும் கப்பல்தான் ஏற்றது. கப்பல் காலையில் காங்கேசன்துறையிலிருந்து புறப்பட்டால், அதில் ஏறியவர் பிற்பகலில் நாகப்பட்டினத்தில் இறங்கி, அன்று மாலைப் பூசைக்குச் சிதம்பரத்தில் நிற்கலாம். விமானத்தில் சென்னை வந்து அங்கிருந்து சிதம்பரம் போகிறவர் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம்தான்.

ஆகவே இரண்டு அரசுகளிடமும் கேட்க வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. பலாலியிலிருந்து காலையில் ஒரு விமானம், மாலையில் ஒரு விமானம். சென்னையில் மருத்துவரைப் பார்க்க வருகிறவர் விடுதி அறை எடுக்காமல் அன்றே திரும்பும்படியான நேரத்தில். திருச்சிச் சேவைக்கு இரண்டாவது சுற்று. கப்பல் நிற்கும் மாதங்களை முன்கூட்டியே அறிவிக்கும் அட்டவணை. பலாலி வாசலில் விமானம் வரும் நேரத்துக்கு யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் புறப்படும் பஸ். இத்தனையும் நடந்து, முன்வரவு நேரமும் ஒன்றரை மணியாகக் குறைந்தால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு ஐந்தேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குச் சொல்கிறது. ஏர் சிலோன் கால அட்டவணையோடு வளர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் இளையவருக்கே அறுபது வயது ஆகப்போகிறது. அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்து முடிக்க வேண்டும்.